மீத்திறன் கணினிக்குப் பக்கத்தில் ஒருவர்



விடைத்தாள் திருத்தும் முகாமை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுகளைப் பலரிடம் பிரித்துக் கொடுத்தால் வேலை விரைவாக முடியும். ஆனால் சரிபார்த்துக் கையெழுத்திட முதன்மைத் தேர்வாளர் ஒருவர்தான். அவர் மேசையில் தாள்கள் தேங்கினால், இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தாலும் நாம் வீடு திரும்ப நேரமாகத்தான் செய்யும்.

மீத்திறன் கணினியும் இப்படித்தான். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 2022இல் நிறுவப்பட்ட ‘பரம் பிரவேகா’வின் உச்ச வேகம் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3,300 இலட்சம் கோடி கணக்கீடுகள். ஏராளமான செயலிகள் பகிர்ந்து செய்யும் வேலை அது. ஒரு நிரலில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், எத்தனை ஆயிரம் செயலிகளைச் சேர்த்தாலும் அதே கணக்கு பத்து மடங்குக்கு மேல் விரைவாக முடியாது. 1967இல் ஜீன் அம்டால் முன்வைத்த வாதம் இது. பத்தாம் வகுப்பு மாணவர்கூடக் கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

புரதத்தை ஆராயும் உயிரியலாளருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவருடைய நிரலை வாங்கிப் பார்த்து, எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்து, வேலையைப் பிரித்துத்தர ஒரு வல்லுநர் வேண்டும். 2015இல் தொடங்கிய தேசிய மீத்திறன் கணினி இயக்கம், இயந்திரங்களோடு ஆட்களுக்கான பயிற்சியையும் தன் பணியாக எடுத்துக்கொண்டது சரியான முடிவு என்பேன். செய்திகளில் என்னவோ இயந்திரத்தின் படம்தான் வருகிறது!

உங்கள் வகுப்பிலும் ஒருத்தி இருப்பாள். தன் கணக்கை முடித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் கணக்கு எந்த வரியில் தவறியது என்று பொறுமையாகக் காட்டுவாள். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.