வளராத மனிதனும் வாடிய பிள்ளையும்
(தோவாளையில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் கடவுளைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ, ஜாதியைப் பற்றியோ பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். ஆனால் நாம் பேச எடுத்துக் கொண்டது ஒரு சிநேகத்தைப் பற்றியதாகும். அதாவது, வயது ஏறியும் பிள்ளைப்புத்தி மாறாதவன் என்று ஊரார் தள்ளிவைத்த ஒரு மனிதனுக்கும், தொல்லை பிடித்த பிள்ளை என்று வீட்டாரும் பள்ளிக்கூடத்தாரும் சலித்துக் கொண்ட ஒரு சிறுவனுக்கும் உண்டாகும் சிநேகம். இதில் கடவுளுக்கும் சாஸ்திரத்துக்கும் என்ன வேலை என்று கேட்பீர்கள். மானம், கௌரவம், தலைவிதி என்னும் பெயர்களோடு அவை இதிலும் வந்து உட்கார்ந்திருப்பதைப் பேச்சு முடிவதற்குள் நீங்களே காண்பீர்கள்.

இதை விளக்க இரண்டு சினிமாப் படங்களைச் சொல்லப் போகிறோம். பெரியார் நாட்டைப் பிடித்த நோய்களை எண்ணிச் சொன்னபோது சினிமாவையும் அதில் ஒன்றாகச் சேர்த்தார். அது வாஸ்தவம். ஆனால் அதே சினிமாவைக் கொண்டு மூடத்தனத்தைச் சிரிக்கச் சிரிக்க அடித்த என்.எஸ். கிருஷ்ணன் உங்கள் பக்கத்து ஒழுகினசேரியில் பிறந்தவரே. ஆகையால் கத்தி கெட்டதா நல்லதா என்பது பிடிக்கிற கையைப் பொறுத்தது.

முதலாவது ஜப்பான் தேசத்துப் படம். தகேஷி கிட்டானோ என்பவர் 1999ல் எடுத்து, தாமே நடித்தது. பெயர் "கிக்குஜிரோ". மசாவோ என்ற சிறுவன் டோக்கியோவில் பாட்டியோடு இருக்கிறான். கோடை விடுமுறையில் கூட்டாளிகள் எல்லாம் ஊருக்குப் போய்விட, இவன் தனியாக நிற்கிறான். எங்கோ வேலை பார்ப்பதாகச் சொல்லப்பட்ட தாயைத் தேடிப் புறப்படுகிறான். துணைக்குப் போகிறவன் யார் தெரியுமா? வேலை வெட்டியில்லாத, வாய்த்துடுக்குள்ள ஒரு நடுவயது ஆசாமி. வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தை அவன் சைக்கிள் பந்தயத்தில் வைத்துத் தோற்கிறான். பிள்ளையைக் காப்பாற்ற அனுப்பப்பட்டவனுக்கே ஒரு காப்பாளன் தேவை என்கிற நிலைமை!

இரண்டாவது நம் தமிழ்ப்படம். அந்த ஜப்பானியக் கதையையொட்டி மிஷ்கின் எடுத்து, தாமே நடித்து, 2010 நவம்பரில் வெளிவந்த "நந்தலாலா". பெயர் கண்ணன் பெயராயிருந்தாலும் படத்தில் காரியம் செய்கிறவர்கள் மனிதர்களேயன்றி எந்தக் கண்ணனும் வந்து ஒன்றும் செய்வதில்லை. இதிலும் பாட்டியிடம் வளரும் ஒரு சிறுவன் தாயைத் தேடிப் புறப்படுகிறான். அவனோடு சேருகிறவன் மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்த, குழந்தை மனமுள்ள பெரிய ஆள். அவனும் தன் தாயைத் தேடித்தான் போகிறான். ஆனால் அன்பினால் அல்ல. தன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு எட்டிப் பாராத தாயைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்று போகிறான்.

இரண்டு படத்திலும் முடிவு ஏறக்குறைய ஒன்றே. சிறுவனின் தாய் வேறு குடும்பத்தில் வாழுகிறாள். அதைக் கண்டுகொண்ட அந்தப் பெரிய ஆள், இதுவரை பொறுப்பென்றால் என்னவென்று தெரியாதவன், அந்த நிமிஷத்தில் முதன்முதலாகப் பொறுப்புள்ள ஒரு காரியம் செய்கிறான். பிள்ளையின் மனம் உடையாதபடி அந்த உண்மையை மறைத்து, தானே அவனுக்குத் துணையாய் நிற்கிறான். தமிழ்ப்படத்தில் அவன் பிறகு தன் தாயிடம் போய்ச் சேரும்போது, அறைய ஓங்கிய கைக்கு வேலையில்லாமல் போகிறது. ஏனெனில் அவளும் சித்தம் கலங்கி, சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடக்கிறாள்.

நிற்க. இந்தப் பிள்ளை ஏன் வாடினான் என்பதை முதலில் யோசியுங்கள். ஜாதகத்தில் மாதுர்தோஷம் என்று சோசியன் சொல்லுவான். முன்ஜென்மக் கர்மம் என்று சாஸ்திரி சொல்லுவான். பாவத்தின் சம்பளம் என்று பாதிரி சொல்லுவான். நாம் சொல்லுவது, அந்தத் தாய் தன் பிள்ளையை மறைத்து வைக்க வேண்டியிருந்தது என்பதுதான். ஒரு ஆண் மறுபடி மணம் செய்தால் முதல் தாரத்துப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துப் பந்தலுக்கே அழைத்து வருகிறான். ஒரு பெண் அப்படிச் செய்தால் அவளை என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள்? அந்தப் பெயருக்குப் பயந்தல்லவா பெற்ற பிள்ளை பாட்டி வீட்டில் ஒளித்து வளர்க்கப்படுகிறான்? விதவை மணம் செல்லும் என்று 1856லேயே சட்டம் வந்தது. 1929ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்கு ஆணோடொத்த உரிமையும் மறுமணமும் வேண்டுமென்று தீர்மானம் செய்தோம். 1967ல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்கும் சட்டம் நிறைவேறியது. இவ்வளவும் வந்தும், மறுமணம் செய்துகொண்ட பெண் தன் பிள்ளையை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் கொள்ளும் தைரியத்தை நாம் அவளுக்குக் கொடுத்தோமா?

நாஞ்சில் நாட்டாருக்கு இது புதிய சங்கதியல்ல. தகப்பன் உயிரோடிருக்கும்போதே தகப்பனுடைய சொத்துக்கு உரிமையில்லாத பிள்ளைகள் மருமக்கள் வழியில் இங்கே தலைமுறை தலைமுறையாய் வளர்ந்தார்கள். அந்த அலங்கோலத்தைத் தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை "மருமக்கள் வழி மான்மியம்" எழுதிச் சந்தி சிரிக்க வைத்தார். 1926ல் திருவிதாங்கூர் அரசு செய்த சட்டத்தினால் நாஞ்சில் நாட்டு வேளாளருக்குள் மக்கள் வழி வந்தது. தலைவிதி என்று நினைத்திருந்த ஒன்றை ஒரு சட்டம் மாற்றிவிட்டதென்றால், விதி எழுதினவன் பிரமனா அல்லது பழக்கமா என்று நீங்களே சொல்லிக் கொள்ளுங்கள்.

இனி அந்த வளராத மனிதனிடம் வருவோம். இங்கே அப்படிப்பட்டவனைக் கோட்டிக்காரன் என்பீர்கள். அவன் பேச்சை யாரும் கேட்பதில்லை. கல்யாண வீட்டில் அவனுக்குப் பந்தியில்லை, காசு கொடுத்துக் கடைக்கு அனுப்புவதில்லை. நாற்பது வயதுவரை ஒருவனை ஒரு காரியத்துக்கும் நம்பாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு இவனுக்குப் பொறுப்பு வரவில்லையே என்றால், நீச்சலுக்குக் குளத்தில் இறங்கவிடாமலே இவனுக்கு நீந்தத் தெரியவில்லை என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த "முதிராதவர்" என்கிற பட்டத்தை நம் பெரியோர்கள் கோட்டிக்காரருக்கு மட்டும் கொடுக்கவில்லை. பெண் தகப்பனுக்கும், பிறகு புருஷனுக்கும், பிறகு மகனுக்கும் அடங்கியவள், ஒருநாளும் தன்னிச்சைக்குரியவள் அல்லள் என்று மனுதர்மம் அவளை ஆயுள் முழுவதும் குழந்தையாக்கி வைத்தது. அறுபது வயதுத் தொழிலாளியை ஆறு வயது ஆண்டைப் பிள்ளை "டேய்" என்று கூப்பிட்ட தேசம் இது. ஆகவே யாரையாவது வளராதவன் என்று சொல்லக் கேட்டால், அவன் வளரவில்லையா, வளரவிடப்படவில்லையா என்று கேட்பது சுயமரியாதைக்காரனுடைய முதல் கடமை.

மேலும், புத்தி வளர்ச்சி குறைவதற்கும் மனம் கலங்குவதற்கும் இன்று வைத்தியர்கள் காரணம் சொல்லுகிறார்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறினால் மூளை கெடும். கர்ப்பிணிக்கு அயோடின் மிகவும் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவிலேயே தலைமுறையாய் மணம் செய்தால் சில பரம்பரைக் குறைகள் வெளிப்பட இடம் அதிகமாகும். உயிரணுவில் 21வது குரோமோசோம் ஒன்று அதிகமாயிருப்பதே டவுன் குறைபாட்டுக்குக் காரணம் என்று 1959ல் கண்டார்கள். இவற்றில் எங்காவது பேய் இருக்கிறதா? சாபம் இருக்கிறதா?

ஆனால் பேயை நம்பியதால் வந்த பலனைக் கேளுங்கள். 2001 ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவினால் குணமாகும் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. ஏனெனில் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். தர்கா என்பதால் இந்துக்கள் சந்தோஷப்பட வேண்டாம். கோவில் மண்டபத்தூணிலும் சங்கிலி உண்டு, ஜெபவீட்டிலும் பட்டினியும் அடியும் உண்டு. சங்கிலிக்கு மதம் கிடையாது. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 95வது பிரிவில் சொல்லுகிறது. சட்டம் வந்துவிட்டது. சங்கிலி போய்விட்டதா என்பதை அவரவர் வீட்டுப் பின்கட்டில் பார்த்துக் கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால் ஏன் ஒருவருக்கொருவர் மருந்தாகிறார்கள்? அந்த ஆளுக்குக் கௌரவம் என்பது தெரியாது. ஆகையால் பிள்ளையின் பிறப்பைப் பற்றி அவன் கேட்பதில்லை. பிள்ளைக்குக் கோட்டி என்கிற சொல்லின் அர்த்தம் இன்னும் ஊரார் கற்றுக் கொடுக்கவில்லை. ஆகையால் அவன் சிரிப்பதில்லை. இருவரும் ஒருவரையொருவர் மனிதனாக மட்டும் பார்க்கிறார்கள். நாம் ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லுவதும் இந்த ஒன்றைத்தான்.

இது வெறும் கதைப்பேச்சல்ல. ஹவாய்த் தீவுகளில் கவாய் என்ற தீவில் 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையாரும் அவர் கூட்டாளிகளும் பல பத்து வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, குடும்பச் சண்டை முதலிய பல கேடுகளுக்கிடையில் வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் நல்ல மனிதர்களாய் வளர்ந்தார்கள். அவர்களிடம் கண்ட விசேஷங்களில் முக்கியமான ஒன்று, நிலையாக அன்பு காட்டும் ஒரு பெரிய ஆளாவது அவர்களுக்கு இருந்தார் என்பது. பாட்டியாயிருக்கலாம், வாத்தியாராயிருக்கலாம், அயல்வீட்டுக்காரராயிருக்கலாம். ஒருவர் போதும். நவக்கிரகம் ஒன்பதும் வேண்டியதில்லை.

சிலர் கேட்கலாம்: "அப்படியானால் பிள்ளையை யாரோடு வேண்டுமானாலும் அனுப்பிவிடலாமா?" என்று. கூடவே கூடாது. நாம் சொன்ன ஜப்பானியப் படத்திலேயே, அந்த ஆசாமி கவனமில்லாமல் இருந்த நேரத்தில் கெட்டவன் ஒருவன் சிறுவனைத் தொட வருகிறான். ஆகையால் இந்தச் சிநேகம் திண்ணையில், நாலு பேர் கண்முன் இருக்க வேண்டும். பிள்ளை வந்து சொல்லுவதை நம்பிக் கேட்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். ஆனால் கோட்டிக்காரன் என்பதற்காகவே ஒருவனைச் சந்தேகிப்பதும் மூடநம்பிக்கையே. 2007ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிள்ளைகளிடம் தப்பாய் நடந்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள் என்று கண்டது. இவர்களைப் பிடிக்கத்தான் 2012ல் போக்சோ சட்டம் வந்தது. ஆகவே காவல் வேண்டும். அந்தக் காவல் கோட்டிக்காரனுக்கு மட்டுமல்ல, குருக்களுக்கும், மாமனுக்கும், வாத்தியாருக்கும் சேர்த்தே வேண்டும்.

ஆகவே, தோழர்களே! நீங்கள் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. வீட்டில் மனம் கலங்கியவர் இருந்தால், மந்திரவாதிக்கு வைத்திருக்கும் பணத்தில் பஸ் ஏறி ஆசாரிப்பள்ளம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 14416 என்ற எண்ணில் கூப்பிட்டால் தமிழிலேயே யோசனை சொல்லுவார்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098 இருக்கிறது. தாயத்துக் கட்டாதீர்கள், சூடு போடாதீர்கள். புத்தி மெதுவானவனுக்கு ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்து நம்புங்கள். இவ்வூரில் பொழுது விடியுமுன் பூச்சந்தை கூடுகிறது. பூவைப் பிரிக்க, நாரை எடுத்துக் கொடுக்க, கூடையைத் தூக்கிக் கொடுக்க அவனால் முடியாதா? அவன் பக்கத்தில் தாயில்லாத பிள்ளை ஒன்று வந்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். கூலியைக் கொடுக்கும்போது அவன் கையிலேயே கொடுங்கள். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

தாய்மார்களே! உங்களுக்கு ஒரு வார்த்தை. மறுமணம் செய்துகொண்ட மகளோ மருமகளோ தன் பிள்ளையோடு வாசலுக்கு வந்தால், இருவரையும் சேர்த்து உள்ளே அழையுங்கள். அப்படி அழைத்திருந்தால் அந்தப் படத்துச் சிறுவன் வீட்டைவிட்டுப் புறப்பட்டிருக்கவே மாட்டான்.

 நாம் சொன்னதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டையும் தெருவையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.