முதியோர் கையில் துடைப்பம்



வீட்டைத் தூய்மை செய்வதைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். துடைப்பத்தை எடுத்தால் பெருக்கலாம். துணியை நனைத்தால் துடைக்கலாம். இதற்கு ஒரு பேச்சா என்று கேட்கலாம். ஏழாண்டுகளுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். போகிக்கு முதல் நாள் என் தாயார் முக்காலியிலிருந்து விழுந்த பிறகே என் எண்ணம் மாறியது.

அப்போது அவருக்கு வயது 76. பொங்கலுக்கு முன் வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவுவது எங்கள் குடும்பத்தில் அவருடைய பொறுப்பு. பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை எடுப்பதற்காக முக்காலியில் ஏறினார். ஏறியவர் தலையை அண்ணாந்து மேலே பார்த்தார். கண் இருண்டது; அவ்வளவுதான். தொடையெலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறிவு. அறுவை செய்து உலோகத் தகடு பொருத்தினார்கள். மூன்று மாதம் கழித்துக் கைத்தடியுடன் நடந்தார்.

இஃது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்த விபத்தன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களுள் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. முதியவர்கள் கவனக்குறைவால் விழுகிறார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை வேறு. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளித்துத் தடிக்கிறது, பாவையும் சுருங்குகிறது. 20 வயதில் விழித்திரைக்குச் சென்ற ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் செல்கிறது என்பர். உங்களுக்குப் பளிச்சென்று தெரியும் ஈரத் தரை, பாட்டியாருக்குத் தெரிவதில்லை. குனிந்தோ குந்தியோ இருந்துவிட்டுச் சட்டென எழுந்தால், மூளைக்குச் செல்லும் குருதி ஒரு நொடி குறைந்து தலை சுற்றுகிறது. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்பவர்களுக்கு இது இன்னும் மிகுதி. அண்ணாந்து பார்க்கும்போதும் பலருக்குத் தலை சுழலும். நம் வீட்டு வேலைகளை எண்ணிப் பாருங்கள். பெருக்கக் குனிய வேண்டும். துடைக்கக் குந்த வேண்டும். ஒட்டடை அடிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். முதுமைக்கு ஆகாதவை மூன்றும் இங்கே ஒன்றுசேர்ந்திருக்கின்றன.

தாயார் மருத்துவமனையிலிருந்து வந்ததும் நான் ஓர் ஆணை பிறப்பித்தேன்: இனி அவர் துடைப்பத்தைத் தொடவே கூடாது. நல்ல மகனாக நடந்துகொண்டதாகவே எனக்கு நினைப்பு. சில வாரங்கள் சென்றன. ஒரு நாள் விடியுமுன் கூடத்தில் சரசரவென்று ஓசை கேட்டு எழுந்து சென்றேன். விளக்கைப் போடாமல், ஒரு கையில் தடியும் மறு கையில் துடைப்பமுமாக அவர் பெருக்கிக்கொண்டிருந்தார். விளக்கைப் போட்டால் நான் விழித்துவிடுவேன் என்பதற்காக இருட்டிலேயே பெருக்கியிருக்கிறார்! என் ஆணை அவரைக் காக்கவில்லை. இருட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

"பெருக்காமல் உட்கார்ந்திருந்தால் விருந்துக்கு வந்தவள் போல இருக்கிறதடா" என்றார்.

அன்று காலையிலேயே கடைத்தெருவுக்குச் சென்று ஒரு மெல்லிய மூங்கிற்கழி வாங்கிவந்தேன். அதைப் பூந்துடைப்பத்தின் பிடியோடு சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டினேன். பிடி மார்பளவு உயர்ந்தது. குனியாமலே பெருக்க முடிந்தது. குப்பையை அள்ளும் முறத்துக்கும் ஒரு நீண்ட கைப்பிடி வைத்தோம். இப்போது நீண்ட பிடியுடைய துடைப்பங்கள் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஆயினும் நான் கட்டியதுதான் தம் கைக்கு இசைந்திருக்கிறது என்று அவர் பிடிவாதமாகச் சொல்லுவார். அது தாயன்பு, துடைப்பத்தின் சிறப்பன்று.

பிறகு வேலைகளைப் பங்கிட்டோம். தோளுக்கு மேலே உள்ளவையும் நீர் கொட்டிச் செய்பவையும் இளையவர்களுக்கு, மற்றவை அவருக்கு. நாள்தோறும் எடுக்கும் பொருள்களை எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட அடுக்குகளுக்குக் கொண்டுவந்தோம். முக்காலி தோட்டத்துக்குப் போயிற்று. வாசற்படியில் பழஞ்சேலையை மடித்துப் போட்டிருந்த கால்மிதியும் போயிற்று. வழவழப்பான தரையில் அது வழுக்குக் கட்டையாகவே இருந்தது.

தரை துடைப்பதில் ஒன்றைக் கவனித்தேன். ஈரத்தில் கால் பதியாமலிருக்க நாம் பின்னோக்கி நகர்ந்தே துடைக்கிறோம். உங்களுக்கு அது வசதி. முதியவர்களுக்கோ பின்னோக்கி நடப்பதே ஆபத்து. துணியை நன்றாகப் பிழிந்து, ஈரம் தங்காமல் துடைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, உலர்ந்த பிறகே அவர்களை அவ்வறைக்குள் வரச் சொல்லுங்கள். வாளியைத் தூக்கும் வேலையும் உங்களுடையதே. 15 லிட்டர் நீர் 15 கிலோகிராம் எடை என்பது நீங்கள் பள்ளியில் படித்ததுதான். 5 லிட்டர் போதுமான இடத்தில் வாளியை ஏன் நிரப்ப வேண்டும்?

இனி, வேதியியல் பயிலும் மாணவர்கள் சிறிது செவிசாய்க்க வேண்டும். மழைக்காலத்தில் துணி துவைக்கும் கல்லைச் சுற்றிப் பாசி படரும். குளியலறையில் உப்புநீர்க் கறை படியும். முன்னதற்கு பிளீச்சிங் பவுடரும் பின்னதற்கு ஆசிட் என்று விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வீடுகளில் வாங்கி வைக்கிறார்கள். ஒன்றே இவ்வளவு வெளுக்குமானால் இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு வெளுக்கும் என்று எண்ணினார் என் நண்பர் ஒருவரின் தந்தையார். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் கொட்டித் தேய்த்தார். பச்சை மஞ்சளாக ஒரு புகை எழுந்தது. மூச்சுத் திணறிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே விழுந்தார்; நல்ல வேளையாகப் பிழைத்தார்.

அந்தப் புகைதான் குளோரின். 1774-இல் ஷீலே என்னும் அறிஞர் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர என்னும் ஊரருகே ஜெர்மானியப் படை எதிரிகள் மீது திறந்துவிட்டதும் இதே வாயுதான். போர்க்களத்தில் உயிர் குடித்த அப்பொருளை நாம் நான்கு சுவர்களுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு நாமே உண்டாக்கிக்கொள்கிறோம்! காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியுள்ளது ஆதலால் அது மேலே செல்லாமல் தரையோடு தங்கும். நின்று தேய்ப்பவரைவிடக் குந்தித் தேய்ப்பவரின் மூக்குக்குத்தான் அது முதலில் எட்டும்.

பிளீச்சிங் பவுடரோடு அமிலத்தையோ அம்மோனியா கலந்த நீர்மத்தையோ சேர்க்கலாகாது. ஒன்றைப் பயன்படுத்திய இடத்தை மிகுந்த நீர் விட்டுக் கழுவாமல் மற்றொன்றை அன்று தொடலாகாது. நெடி எழுந்துவிட்டால், அதன்மேல் வேறு எதையும் கொட்டிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியேற வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ தொடர்ந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அமிலத்தைப் பழைய குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. மங்கிய கண்ணுடைய முதியவர் இரவில் தாகத்துக்குக் கை நீட்டினால் என்ன ஆகும்? இன்று வீடு திரும்பியதும் குளியலறை மாடத்தில் என்னென்ன புட்டிகள் இருக்கின்றன என்று பாருங்கள். பெயர்ச்சீட்டு இல்லாதவற்றைப் பெற்றோரிடம் காட்டிக் கேளுங்கள்.

சென்ற போகிக்கு முதல் நாளும் எங்கள் வீட்டில் ஒட்டடை அடித்தார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன் ஏணியில் நின்றான். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். மின்விசிறியின் இறக்கைகளுக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தான். தூசி முழுவதும் உறைக்குள்ளேயே விழுந்தது. தாயார் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து, மேசைமேல் வைத்த பித்தளை விளக்குகளைப் புளியிட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். வேலை முடிந்தது என்று சொல்லி அவன் ஏணியிலிருந்து இறங்கினான். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"வடக்கு மூலையை விட்டுவிட்டாயே" என்றார்.

அவன் மறுபடியும் ஏறினான்.