பொருளியலாளர் அவையும் யாழ்ப்பாணத்துத் தோட்டமும்



கணக்குக்கு இனமும் இல்லை, மொழியும் இல்லை என்பர். கூட்டலும் கழித்தலும் எல்லார்க்கும் ஒன்றே என்பது உண்மைதான். ஆயினும், எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்பதை முதலில் யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டும். அவர் எந்த வாழ்வை அறிந்தவர் என்பதே பொருளியலில் பெரிய வினா.

நம் குடாநாட்டுச் செம்மண் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். கோப்பாயிலும் உரும்பிராயிலும் ஆற்றுப்பாய்ச்சல் இல்லை. கிணற்று நீரை இறைத்தே கமக்காரர் மிளகாயும் வெங்காயமும் விளைவித்தனர். 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, அவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. 1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. பிறநாட்டிலிருந்து மலிவான சரக்கு வந்து குவியவே, தோட்டக்காரரின் வருமானம் சரிந்தது.

கதவைத் திறந்ததே பிழை என்று நான் வாதிடவில்லை. கட்டுப்பாட்டுக் காலத்தில் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றதை மறத்தல் ஆகாது. ஆனால், எந்தப் பயிருக்கு எத்தனை ஆண்டு அவகாசம், நட்டப்படுபவனுக்கு என்ன ஈடு என்னும் வினாக்களும் உண்டல்லவா? அவற்றை உரிய வேளையில், உரிய கணக்கோடு எழுப்புதற்குத் தோட்டத்தை அறிந்த பொருளியலாளர் வேண்டும்.

உலக அரங்கில் இதற்கு ஒரு சான்று காட்டலாம். ஆதர் லூயிஸ் 1915இல் மேற்கிந்தியத் தீவான சென் லூசியாவில் பிறந்தவர். பொறியியல் கற்க விரும்பினார். கறுப்பினத்தவருக்கு அத்துறையில் வேலை தருவார் இல்லாமையால் வணிகவியல் கற்க லண்டன் சென்று, பொருளியலாளர் ஆனார். வெப்பநாட்டுத் தொழிலாளி உற்பத்தி செய்யும் பொருள் உலகச் சந்தையில் ஏன் மலிந்து போகிறது என்று அவர் வினவினார். அந்நாடுகளின் உணவுப் பயிர்ச்செய்கையில் விளைவு குறைவு. அதனால் கூலி குறைவு. அதனாலேயே விலையும் குறைவு என்று விடை கண்டார். 1979இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. தீவில் பிறந்தவரின் வினா உலகத்துக்கே பாடமாயிற்று.

நம் நாட்டிலும் தமிழரான இந்திரஜித் குமாரசுவாமி 2016 முதல் 2019 வரை மத்திய வங்கியின் ஆளுநராக இருந்தார். அது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், ஒருவர் உயர்ந்த ஆசனத்தில் அமர்வது வேறு. ஒரு மண்ணின் அனுபவம் ஒரு துறைக்குள் புகுவது வேறு. பிறப்பு ஒன்றே அறிவைத் தந்துவிடாது. கொழும்பில் வளர்ந்த தமிழருக்குத் தோட்டம் தெரியாதிருக்கலாம். தோட்டத்தில் வந்து தங்கிக் கேட்டறிந்த சிங்களவருக்கு அது நன்கு தெரிந்திருக்கலாம். ஆயினும், ஒரு சமூகத்திலிருந்து ஒருவருமே வாராத அவையில் அச்சமூகத்தின் வினாக்கள் எளிதில் எழமாட்டா.

1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிற்று. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இனி வெளியூர் சென்றுதான் பொருளியல் கற்க வேண்டும் என்பதில்லை. மாணவர்களே, கணிதத்தையும் பிறமொழிகளையும் நன்கு கற்றுக்கொள்ளுங்கள். உலக வாணிகத்தின் போக்கை ஆராயுங்கள். அதனோடு ஒருநாள் உங்கள் ஊர்த் தோட்டத்துக்கும் செல்லுங்கள். கிணறு இறைக்க எவ்வளவு செலவு, வெங்காயம் கிண்டும் பெண்ணுக்கு என்ன கூலி, சுன்னாகம் சந்தையில் என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஓர் ஒப்பந்தம் எழுதப்படும்போது, அந்தக் கணக்கும் மேசைமீது இருக்கட்டும்.