சிலம்புக்கு யார் நாயகி?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவுக்குச் சிலப்பதிகாரத்தை நாற்பது நிமிட நாடகமாகப் போடுவதாகத் தம்பிகள் சொன்னார்கள். நல்ல விஷயம். ஆனால், "நேரம் பத்தலைண்ணே, மாதவியைப் பாதியிலேயே எடுத்துட்டோம். கண்ணகி ஒரே ஹீரோயின்" என்றார்கள். அதைத் தடுக்கத்தான் மைக் பிடித்திருக்கிறேன்.

நான் கட்டடம் கட்டுகிறவன். நாலு தூண் தாங்குகிற பாரத்தை ஒன்றின் தலையில் ஏற்றச் சொன்னால் கை நடுங்கும். இளங்கோவடிகள் தம் காப்பியத்துக்கு யார் பெயரையும் வைக்கவில்லை. ஒரு காற்சிலம்பின் பெயரை வைத்தார். முப்பது காதைகளில் புகார்க் காண்டத்தின் பத்தில் கண்ணகி பேசுவது மிகக் கொஞ்சம். அங்கே ஆடலும் பாடலும் மாதவியுடையவை. மதுரையின் பதின்மூன்றில்தான் கண்ணகி எழுகிறாள். வஞ்சியின் ஏழில் அவள் தெய்வம்; இமயத்துக்குப் போய்க் கல் கொண்டு வருகிற செங்குட்டுவன் முன்னால் வந்துவிடுகிறான்.

மாதவியை எடுத்தால் என்ன போகும் தெரியுமா? அந்தக் கடிதம் போகும். முதலில் வசந்தமாலை கொண்டு வந்த ஓலையைக் கோவலன் வாங்க மறுக்கிறான். ஆடல் மகளின் நடிப்பு என்கிறான். பிறகு மதுரை போகும் வழியில் கோசிகன் இன்னொன்றைத் தருகிறான். பெற்றோரைக் கூட விட்டு இரவோடு இரவாகக் கிளம்பும் அளவுக்கு நான் செய்த பிழை என்ன என்று கேட்கிறாள் மாதவி. அவள்மேல் குற்றமில்லை, தன்மேல்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. அதோடு விட்டானா? தன் தாய் தந்தைக்குச் சொல்ல வேண்டியதும் இதேதான் என்று அந்த ஓலையையே அவர்களிடம் காட்டச் சொல்லித் திருப்பி அனுப்புகிறான்! மதுரைக்குள் நுழையுமுன் அவன் மனிதனாவது இங்கேதான். இது இல்லாவிட்டால் கொலைக்களத்தில் சாவது ஓர் ஊதாரி. கண்ணகி அழுவதும் அவனுக்காகவா என்று பின்வரிசையில் எவனாவது கேட்பான். நான் உட்கார்ந்திருந்தால் நானே கேட்பேன்.

நேரம்தானே பிரச்சினை? இமயப் படையெடுப்பைக் கட்டியங்காரன் இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும். மேடையின் ஓரத்தில் மாதவி எழுத, மறு ஓரத்தில் கோவலன் படிக்கட்டும். மூன்று நிமிடம் போதும். மாதவியாக நடிக்க இருந்த தங்கையை இன்றைக்கே திரும்பக் கூப்பிடுங்கள். உடைக்கிற சிலம்பை மட்டும் ஒத்திகைக்கென்று நாலைந்து செய்து வையுங்கள்.