கழுத்து ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சா?

திருப்பூரில் தையல் மெஷினில் உட்காருகிறவர்களுக்குக் கழுத்து வலி புதுசில்லை. அதில் பெரும்பாலும் தசைப் பிடிப்புதான். இன்னைக்கு நான் பேசப்போறது வேற. மண்டை ஓடும் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் சேருகிற இடத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பியவர்களுக்காகவும், அவங்க வீட்டாருக்காகவும்.

பிறவிக் கோளாறு, விபத்து, காசநோய், முடக்குவாதம் என்று காரணம் பல. வேலூர் சி.எம்.சி.யில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியதுதான் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் அதுல் கோயல், இந்த எலும்புகளைத் தகடும் ஸ்க்ரூவும் வைத்துப் பிணைக்கும் முறையை 1994-ல் வெளியிட்டார்.

சிக்கல் எல்லாருக்கும் வராது. ஆனா வந்தா, சாதாரண உபாதை மாதிரியே வரும். தையல் போட்ட இடத்தில் தெளிந்த தண்ணி கசிந்தால் வியர்வைன்னு துடைச்சுட்டுப் போயிடாதீங்க. மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். அந்த வழியாகக் கிருமி போனால் மூளைக்காய்ச்சல். வாய் வழியாக ஆபரேஷன் ஆனவங்களுக்குத் தொண்டையிலோ மூக்கிலோ அது இறங்கும், சளின்னு தோணும்.

தண்ணி குடிச்சா புரை ஏறுது, குரல் மாறுது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருது என்றால் உடனே காட்டணும். விழுங்கவும் மூச்சு விடவும் வைக்கிற நரம்புகள் அங்கேதான் இருக்கு. சட்டைப் பட்டன் போட முடியலை, நடை தடுமாறுது என்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். அது மாதங்கள் கழித்தும் நடக்கும்.

இன்னொண்ணு, கெஞ்சிக் கேட்கிறேன்: சலூனில் தலையைத் திருப்பிச் சொடுக்கு எடுக்காதீங்க. சுளுக்கு எடுக்கவும் போகாதீங்க. ஷிப்டுக்குப் போறோம்னு டாக்டர் சொல்லாமல் காலரைக் கழற்றவும் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வையுங்க. 108-ஐக் கூப்பிட்டால் முதல் வார்த்தையே “கழுத்து எலும்பில் ஸ்க்ரூ இருக்கு” என்று சொல்லுங்க. அப்பத்தான் கழுத்தை அசைக்காமல் தூக்குவாங்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறுவது பற்றிக் கேட்க 1800 425 3993. சந்தேகம் கேட்க 104 இருக்கு. மூச்சு முட்டும்போது மட்டும் 104 வேண்டாம், நேரா 108.