பாலைவனத்துக்குப் போகுமுன்
(தோட்ட மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெளிநாடு போக வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. தெரிந்துகொண்டு போங்கள் என்கிறோம்.

நமக்குப் பீலித் தண்ணியும் மலைக்காத்தும்தான் பழக்கம். குவைத்தில் ஒரு ஆறுகூட இல்லை. கடல் தண்ணீரில் உப்பைப் பிரித்துத்தான் குடிக்கக் கொடுக்கிறார்கள். அது நல்ல தண்ணீர்தான். ஆனால் கூரைமேல் தொட்டியைக் கழுவாமல் விட்டால் கெட்டுப்போகும். குடிக்கிற தண்ணி எது என்று முதல் நாளே வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள்.

அங்கே மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலையில் வெப்பம் 53.9 பாகைக்கு ஏறியது. நம்ம குளிரில் தாகம் எடுத்தால்தான் குடிப்போம். அங்கே அப்படி இருந்தால் மயக்கம் வரும், சிறுநீரகமும் கெடும். தாகத்துக்குக் காத்திராமல் குடியுங்கள்.

அடுத்தது புழுதிக்காற்று. அடித்தால் எதிர்வீடு தெரியாது. எங்கள் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி, இழுப்பு இருப்பதை மெடிக்கலில் மறைத்துப் போனாள். முதல் புழுதியிலேயே மூச்சு முட்டியது. மூன்றாம் மாதம் திரும்பி வந்தாள். வாங்கிய கடன் அப்படியே இருந்தது. ஆகவே இழுப்பை மறைக்காதீர்கள். போவதா வேண்டாமா என்று டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். போனவர்கள் புழுதி நாளில் ஜன்னலை அடைத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

உழைக்கப் போகிற உடம்பு முழுசாய்த் திரும்பி வரட்டும்.