செவ்வூதாவும் செங்கோலும்



ஒரு சாயத்தின் கதையைச் சொல்ல இம்மேடை எதற்கு என்று சிலர் எண்ணலாம். அதிகாரம் தன்னை எவ்வாறு அலங்கரித்துக்கொள்கிறது, அந்த அலங்காரத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பதை இக்கதை நமக்குக் காட்டுகிறது.

மத்தியதரைக் கடலின் கீழைக் கரையில், இன்றைய லெபனான் நாட்டில், தீரு என்னும் பழம்பெருந் துறைமுகம் உண்டு. அங்கே பினீசியர் கடல் நத்தைகளைப் பிடித்து, அவற்றின் சிறு சுரப்பியை அகற்றி, உப்பிட்டு, தொட்டிகளில் பல நாள் சூடேற்றிச் செவ்வூதாச் சாயம் வடித்தனர். 1909ஆம் ஆண்டில் பிரீட்லாந்தர் என்னும் இரசாயன அறிஞர் 12,000 நத்தைகளிலிருந்து பெற்ற சாயம் 1.4 கிராம் மட்டுமே! சாயத்தொட்டிகளின் துர்நாற்றம் தொழிலாளருக்கு. ஆடையின் பேரொளி அரசருக்கு.

கி.பி. 301இல் உரோமச் சக்கரவர்த்தி தயோக்கிளேத்தியன் விலைக் கட்டுப்பாட்டுக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்தான். செவ்வூதா தோய்த்த பட்டு ஓர் இறாத்தலுக்கு 1,50,000 தெனாரி. வயலில் உழைப்பவனுக்கு நாட்கூலி உணவோடு 25 தெனாரி. அஃதாவது, அவன் ஒரு காசும் செலவழியாது 6,000 நாள் உழைத்தாலன்றி அந்தப் பட்டில் ஓர் இறாத்தலைத் தொடவும் முடியாது.

விலை என்னும் வேலி மட்டும் ஆள்வோருக்குப் போதவில்லை. சட்டத்தால் மற்றொரு வேலியும் இட்டனர். உயர்ந்த செவ்வூதாவைக் குடிமக்கள் அணிவதை நீரோ தடுத்தான். மொரித்தேனிய மன்னன் தொலமி அணிந்து வந்த செவ்வூதா மேலாடை மக்களின் கண்களைக் கவர்ந்ததாம். அதனாலேயே கலிகுலா அவனைக் கொல்வித்தான் என்று சுவெத்தோனியசு எழுதியுள்ளார். பைசாந்திய அரண்மனையில் செவ்வூதா மாளிகையிற் பிறந்த அரச மக்களுக்கு அதுவே பட்டப்பெயராயிற்று. ஆடையின் நிறத்துக்கே அஞ்சும் ஆட்சியை வலிமை மிக்க ஆட்சி என்று நாம் எவ்வாறு போற்றுவது?

அவ்வேலிகள் நிலைத்தனவா? 1453இல் கொன்சுதாந்திநோபிள் வீழ்ந்தது. அரச செவ்வூதாவும் அதனோடு மறைந்தது. 1856இல், பதினெட்டு வயது இளைஞன் வில்லியம் பேர்க்கின், கொயினா மருந்தை ஆக்க முயன்று, நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளில் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டான். மன்னரின் நிறத்தை மக்களும் உடுத்தனர். வானம் இடிந்து விழவில்லை.

அன்பர்களே, சிறப்புரிமை தன்னை இயற்கையின் நியதி என்று கூறிக்கொள்ளும்போதெல்லாம் நாம் இச்சாயத்தை நினைவுகூர்வோமாக. நிறத்தைத் தந்தது கடல். அதை வடித்தது உழைப்பாளியின் கை. அரசன் தந்தது தடை ஒன்றே. அத்தடையும் இன்றில்லை.